மூக்கு விடைக்காத ஏழு நாட்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டு என் தங்கை கோகிலவாணி ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் வாங்கிக் கொடுத்தது. நாற்பது பக்கம். அட்டையில் பூனைக்குட்டி. "டாக்டரு சொல்றது, மருந்து பேரு, மணி, எல்லாத்தையும் எழுதி வைங்கண்ணா. எனக்கு ஒண்ணும் மண்டைல நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அவள் கேட்டது குறிப்பு. ஆனால் கேட்டது யாரிடம்? திருச்செங்கோடு சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸ் அதிபரிடம். சீரியல் செட் வேந்தரிடம். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் ஒரே ராத்திரியில் நான்கு ஊரின் தூக்கத்தைக் கெடுக்கும் வல்லமை படைத்தவனிடம். ஒருமுறை என் குழாய் ஸ்பீக்கரைத் தெரியாத்தனமாக மேற்கே திருப்பி வைத்துவிட்டேன். பள்ளிபாளையத்தில் காவிரி அப்படியே நின்று, பாட்டு முடிந்த பிறகுதான் நகர்ந்தது. இப்படிப்பட்டவன் கையில் நோட்டைக் கொடுத்தால் மருந்துப் பட்டியலா வரும்? சரித்திரம்தான் வரும்.

சரித்திர நாயகி கோகிலாவின் மகள், என் மருமகள் மௌனிகா. வயது எட்டு, மூன்றாம் வகுப்பு. இந்தப் பெயரை வைத்தது அவள் அப்பா, எங்கள் மாப்பிள்ளை லோகநாதன். பெயர் வைத்த நாளிலிருந்து பிள்ளை வாயை மூடவில்லை. தூங்கும்போதுகூட மறுநாள் பேச வேண்டியதை ஒத்திகை பார்ப்பாள்.

மூன்று நாளாகக் காய்ச்சல். நேற்று ஆடிப்பெருக்கு அன்று காலையில் மூச்சு இழுத்து இழுத்து நெஞ்சு குழி விழுந்தது. உள்ளூர் டாக்டர் உடனே ஈரோட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நோம்பிக்கு ஏற்றிய பதினாறு ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் வேனின் பின்னாலேயே இருக்க, முன்னால் கோகிலா மடியில் பிள்ளையோடு உட்கார, கிளப்பினேன். ஈரோடு வரும்வரை சக்கரம் தரையில் படவில்லை. எதிரே வந்த பஸ்காரர்கள் ஏதோ அம்மன் எழுந்தருளுகிறது என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. குழந்தைகள் ஐசியூவில் வாய் வழியாகக் குழாய் விட்டிருக்கிறார்கள். மெஷின் மூச்சு விடுகிறது. குழாய் உறுத்தாமல் இருக்கத் தூக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை டான்சானியாவில் ரிக் வண்டியோடு போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். டிக்கெட் கிடைத்து வந்து சேரப் பத்து நாளாகுமாம்.

பிள்ளையின் கம்மல், கொலுசு, மூக்குக்கண்ணாடி மூன்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள். கஜானாவில், அதாவது என் தோள்பையில், பத்திரமாக வைத்தேன்.

தூங்குகிறாள். எட்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எக்ஸ்ரே எடுத்தார்கள். கிருமி மருந்து மூன்று வேளை. டீ குடித்தேன். புளுகுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஐசியூவுக்குள் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். ஒருவர்தான் போகலாம். காலை கோகிலாவுக்கு, மாலை எனக்கு என்று ராஜ்யத்தைப் பங்கு பிரித்துக்கொண்டோம்.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் உள்ளே உள்ள ஒலி ஒளி அமைப்பைப் பரிசீலித்தேன். அபாரம். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பீப், ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு சுருதி. நடுவில் மருந்துத் தள்ளுவண்டி வரும். அதன் ஒரு சக்கரம் மட்டும் நாதஸ்வரம் பழகுகிற பையன் மாதிரி கீச்சிடும். குப்பைத் தொட்டியின் தகர மூடி விழுகிற சத்தத்துக்குச் சங்ககிரி மலைக்கோட்டையில் புறா பறக்கும். ஜன்னல் கிடையாது. டியூப் லைட் இருபத்து நாலு மணி நேரமும் எரிகிறது. நாங்களே சீரியல் செட்டை விடிந்தால் அணைத்துவிடுவோம். இங்கே விடிவதும் இல்லை, இருட்டுவதும் இல்லை. நம்மைவிடப் பெரிய ஆள் எவனோ கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறான் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

எனக்கும் மௌனிகாவுக்கும் நடுவே நான்கு வருஷமாக ஒரு போர் நடக்கிறது. பெயர் புளுகுப் போட்டி. ஒருவர் ஒரு புளுகு விடவேண்டும். அடுத்தவர் முகம் மாறாமல் அதற்கு மேலே ஒன்று ஏற்றவேண்டும். சிரித்தவர் தோற்றார். இன்றைய நிலவரம்: மருமகள் 212, மாமா 209. மூன்று புள்ளி பின்தங்கியிருப்பதற்கு நடுவரின் சதியே காரணம். நடுவரும் அவள்தான்.

அவளிடம் ஒரு பலவீனம் உண்டு. புளுகும்போது முகம் கல்லாக இருக்கும், மூக்கு மட்டும் விடைக்கும். இரண்டு பக்கமும், லேசாக. அவளுக்கே தெரியாது. நான் சொன்னதும் இல்லை. ராணுவ ரகசியம்.

இன்று அவள் காதோரம் குனிந்து, ஆஸ்பத்திரி லிப்டில் ஒட்டகம் மாட்டிக்கொண்டதைப் பற்றிச் சொன்னேன். மெஷின்தான் பதில் சொன்னது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அரைத் தூக்கத்தில் குழாயைப் பிடுங்கப் பார்த்தாளாம். இரண்டு கையையும் மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அது அவள் நல்லதுக்குத்தான் என்று சிஸ்டர் லில்லிபுஷ்பம் விளக்கினார். நாகர்கோவில்காரர், குரலில் கண்டிப்பும் சிரிப்பும் பாதிக்குப் பாதி. கோகிலா தலையாட்டிவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். ஆறு பழம். அவள் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. எல்லாம் நானே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். மௌனிகா சொந்த மூச்சு விடுகிறாள். சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், என் மருமகள் கண்ணைத் திறந்து, தொண்டை கட்டிய குரலில் தண்ணீர் கேட்டாள். அந்தக் குரலுக்கு முன்னால் என் பதினாறு ஸ்பீக்கரும் பொம்மை ஊதல்.

கேன்டீனில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். யாரோ ஒரு பெரியவர் இரண்டு முறை குடித்தார். குடிக்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

போர் மீண்டும் தொடங்கியது.

மாலையில் உள்ளே போனதும் மௌனிகா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, மேல பாருங்க, எறும்பு" என்றாள். பார்த்தேன். வெள்ளைக் கூரை, டியூப் லைட். எத்தனை எறும்பு கண்ணு என்றேன். நிறைய, இறங்கி வருது, என் பேரைச் சொல்லுது என்றாள். ஆறு நாள் படுக்கையில் கிடந்து எழுந்த பிள்ளை முதல் அடியே இப்படி அடித்தால் மாமன் சும்மா இருப்பானா? இதெல்லாம் ஒரு படையா, பின்னாடி கட்டெறும்பு ராஜா ஆனை மேல வாராரு, உன்னையத் தூக்கிட்டுப் போயி மந்திரியா வெச்சுக்கப் போறாராம் என்று ஏற்றினேன்.

அவள் அதற்கு மேல் ஏற்றவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

எதிரி பின்வாங்கியதால் புள்ளி எனக்கு என்று அறிவித்தேன். 210. அவள் நடுவர் பதவியைப் பயன்படுத்தி மறுக்கவும் இல்லை.

வெளியே வரும்போது சிஸ்டர் லில்லிபுஷ்பம் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எறும்பு எறும்புன்னு பிள்ளை சொல்லுதே அண்ணே, வீட்லயும் இப்படித்தான் பேசுவாளா என்று கேட்டார். "எங்க வம்சமே இப்படித்தானுங்க சிஸ்டர், இது கம்மி" என்றேன் பெருமையாக. அவர் சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

மூக்கு விடைக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் முழித்திருந்தாளாம். நான் போனபோது போர்வையில் எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. களைப்புதான்.

மத்தியானம் எலுமிச்சை சாதம். அப்பளம் நமுத்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் உள்ளே போன கோகிலா மூன்றாவது நிமிஷத்திலேயே வெளியே வந்தாள். பிள்ளை ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். கட்டிலின் ஓரத்துக்குப் போய்ச் சுருண்டுகொண்டு, ராஜா வாராரு, என்னையத் தூக்கிட்டுப் போயிருவாரு என்று ஒரே அலறல். கோகிலா பக்கத்தில் போனதும், "அக்கா, எங்கம்மாவைக் கூப்புடுங்க" என்று அவளிடமே கெஞ்சியிருக்கிறாள்.

"எம்புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாண்ணா?" என்று கோகிலா கேட்டாள்.

எனக்கு ராஜா யார் என்று தெரியும். சொல்லவில்லை.

டாக்டர் நஸ்ரின் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இதற்கு டெலிரியம் என்று பேர், பைத்தியம் இல்லை, மூளை கொஞ்ச நாளைக்குத் தடுமாறுகிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் கவனிக்காமல் விட்டால் நீளும் என்றார். சர்க்கரை, உப்பு, ஆக்சிஜன் எல்லாம் பார்த்தாயிற்று, அதில் குறையில்லையாம். எதனால் வருகிறது என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உடம்பே பெரிய நோயோடு சண்டை போட்டது ஒரு காரணம். மூச்சு மெஷின், நாள் கணக்கில் ஓடிய தூக்க மருந்து, அதிலும் சில வகை மருந்து. கையைக் கட்டிப் போட்டது. அம்மா முகம் பத்து நிமிஷம் மட்டும் தெரிந்தது. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கும் வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கும் இன்னும் சுலபமாக வருமாம். அப்புறம் தூக்கம் கெடுவது. இடைவிடாத வெளிச்சம். இடைவிடாத சத்தம்.

என் விசிட்டிங் கார்டில் பாதி வந்துவிட்டது.

பிள்ளை கண்ணாடி போடுவாளா என்று கேட்டார். போடுவாள், தூரத்தில் ஒன்றும் தெரியாது என்றாள் கோகிலா. இப்போது எங்கே என்றார். கஜானாவைத் திறந்தேன். கம்மல், கொலுசு, கண்ணாடி. எட்டு நாளாகப் பத்திரமாக இருந்தது.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை சிஸ்டர் கேட்டப்ப, இவ எப்பவும் இப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க. நிஜமாவே இப்படித்தானா?"

"பேச்சு இப்படித்தானுங்க. ஆனா மூக்கு விடைக்கலீங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. புளுகுப் போட்டியைச் சொன்னேன். மூக்கைச் சொன்னேன். கட்டெறும்பு ராஜாவையும் சொன்னேன், கோகிலா பக்கத்தில் இருக்கும்போதே. எங்கள் ஊரில் சொல்லியிருந்தால் மேடையே குலுங்கியிருக்கும். இங்கே யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் சார்ட்டில் எழுதிக்கொண்டே, "மூக்கை சனிக்கிழமையே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கோகிலா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரசாணை பிறந்துவிட்டது. தூக்க மருந்தை மாற்றிக் குறைத்துவிட்டார்கள். கைக்கட்டு கிடையாது. கோகிலா பகல் முழுக்க உள்ளேயே இருக்கலாம், அவள் சாப்பிடப் போகும்போது நான். ராத்திரி எட்டு மணிக்கு மௌனிகாவின் கட்டிலுக்கு மேலே இருக்கும் விளக்கு அணையும். பகலில் தூங்க விடக்கூடாது, ராத்திரி எழுப்பக்கூடாது.

எனக்கென்று ஒரு தனிச் சட்டம். அவள் எறும்பு என்று சொன்னால் ஆமாம் போடக்கூடாது. இல்லவே இல்லை என்று சண்டையும் போடக்கூடாது. மெதுவாக நிஜத்தைச் சொல்லவேண்டும். நாள், இடம், ஆள். அதாவது சென்னியப்பன் வாயிலிருந்து உண்மையைத் தவிர வேறொன்றும் வரக்கூடாது. என் நாற்பத்து மூன்று வருஷப் பொதுவாழ்வில் இப்படி ஒரு தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. காவிரியைத் தலைகீழாக ஓடச் சொல்லியிருந்தால் செய்துவிட்டிருப்பேன்.

கண்ணாடியைத் துடைத்து அவளுக்குப் போட்டுவிட்டுத் தொடங்கினேன். "கண்ணு, இன்னைக்கு செவ்வாய்க்கெழம. காலைல பதினோரு மணி. இது ஈரோட்டு ஆஸ்பத்திரி." ஈரோட்டிலேயே பெரிய, ஆசியாவிலேயே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "உனக்கு சளி புடிச்சுது, இப்ப குறைஞ்சிருக்குது. நான் சென்னியப்பன் மாமா." இப்படி உப்பில்லாத கஞ்சி மாதிரி ஒரு பேச்சை நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. அவள் சலைன் ஸ்டாண்டைக் காட்டி அது யாரு என்றாள். கம்பி கண்ணு, மருந்து தொங்குது என்றேன். கண்ணாடி வழியாக வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சிஸ்டர் லில்லிபுஷ்பத்திடம் மனுப் போட்டேன். சத்தம் போடத் தெரிந்தவனுக்குச் சத்தத்தை அடக்கவும் தெரியும், அனுமதி வேண்டும் என்று. மெஷின் பக்கம் கை நீட்டினால் விரலை ஒடித்துவிடுவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். வேனிலிருந்து டூல்ஸ் பெட்டி வந்தது. தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். நாதஸ்வர வித்துவான் ஓய்வு பெற்றார். குப்பைத் தொட்டி மூடிக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஓரம் ஒட்டினேன். இப்போது மூடினால் பூனை கொட்டாவி விட்ட மாதிரி ஒரு சத்தம். ஆம்ப்ளிபயர் மூடுகிற கறுப்புத் துணியில் உபயோகிக்காத பகுதியை வெட்டி, எதிரே உள்ள தையல்காரரிடம் ராத்திரிக்குக் கண்ணை மறைக்கும் பட்டை ஆறு தைத்து வாங்கினேன், ஆறு கட்டிலுக்கும். சிஸ்டர் சோப்புப் போட்டு அலசச் சொன்னார். அலசினேன்.

நான்கு ஊர்த் தூக்கத்தைக் கெடுத்தவன் ஆறு பிள்ளைகளின் தூக்கத்துக்குத் தன் துணியைத் தாரை வார்த்தான் என்று கல்வெட்டில் பொறிக்கலாம். கோகிலாவிடம் படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். பேசினால்தானே.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று ராத்திரி தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறாள். காலையில் கோகிலாவைப் பார்த்து அம்மா என்றாளாம். கேன்டீன்காரர் முகத்தில்கூட ஒளி தெரிந்தது.

சாயங்காலம் என் முறை. கோகிலா டீ குடிக்கப் போயிருந்தாள். மௌனிகா கூரையைப் பார்த்தாள். ராஜா எங்கே என்றாள்.

நிஜத்தைச் சொல்லவேண்டும் என்பது சட்டம். "ராஜா இல்ல கண்ணு. அது மாமா சொன்ன புளுகு. எறும்பும் இல்ல. உடம்பு செரியில்லாததுனால உனக்கு அப்படித் தெரியுது. மாமா தப்பாச் சொல்லிப்போட்டேன்."

என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு என் கையைத் தள்ளிவிட்டாள். "நீங்க மாமா இல்ல. எங்க மாமா இப்படிப் பேச மாட்டாங்க."

நியாயம்தான். எட்டு வருஷத்தில் நான் அவளிடம் பேசிய உண்மைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுவிடலாம். ஒரு புளுகு விட்டிருந்தால் அந்த நிமிஷமே நான் யாரென்று தெரிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. ஒட்டகம், லிப்ட் எல்லாம்.

"நான் மாமாதான். இன்னைக்கு புதன்கெழம" என்றேன்.

திரும்பிப் படுத்துக்கொண்டாள். கதவுப் பக்கம் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் ஒரு டீ இருந்தது. எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் மௌனிகாவைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பிசியோதெரபிக்கார அம்மணி கையைப் பிடிக்க, என் மருமகள் கட்டிலிலிருந்து நாற்காலிவரை நான்கு அடி நடந்தாள். அந்த நான்கு அடிக்குள் நான் திருச்செங்கோட்டு மலைப் படி முழுக்க ஏறி இறங்கிவிட்டேன். பல் தேய்த்தாள். இட்லி அரை சாப்பிட்டாள், மீதி அரையை என்னைப் பார்த்து நீட்டினாள். யார் என்று தெரிந்து நீட்டினாளா, பக்கத்தில் ஒருத்தன் இருக்கிறானே என்று நீட்டினாளா, கேட்கவில்லை. தின்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை லோகநாதன் வந்தார். இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு மாதத் தாடி. வாசலிலேயே காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார், ஆப்பிரிக்க மண் உள்ளே வந்துவிடும் என்பது போல. பிள்ளை தன்னை மறந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. நாங்கள் எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தோம். மௌனிகா பார்த்தாள். கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிக்கொண்டாள். "தாடி நல்லால்லப்பா" என்றாள்.

முழு உண்மை. மாப்பிள்ளை அழுதுவிட்டார். அரை மணி நேரத்தில் சவரம் செய்துகொண்டு வந்தார்.

எறும்பைப் பற்றி இன்று பேச்சில்லை. சாயங்காலம் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இருக்கிறது. வெளியே வேப்ப மரம் தெரிகிறது. டாக்டர் நஸ்ரின் வந்து பார்த்தார். ரொம்ப முன்னேற்றம், ஆனாலும் இன்னும் இரண்டு நாள் கவனிக்கவேண்டும், அந்தத் தடுமாற்றம் வந்து வந்து போகும் என்றார். போகும்போது, மூக்கு எப்படி என்று என்னைக் கேட்டார். இன்னும் இல்லீங்க என்றேன். சார்ட்டில் நிஜமாகவே அதற்கு ஒரு வரி வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் லில்லிபுஷ்பம் ஒவ்வொரு தடவை வரும்போதும் காய்ச்சல் பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், மூக்கைப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கீழே கொடி ஏற்றி, வார்டுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மௌனிகா ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோகிலா டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். நான் வழக்கம்போல, இன்னைக்கு வெள்ளிக்கெழம, சுதந்திர தினம், இது ஈரோட்டு ஆஸ்பத்திரி என்று கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நேத்து லில்லியக்கா ஒரு ஆனைக்கு ஊசி போட்டாங்க" என்றாள். "அது கட்டில்ல ஏற மாட்டேன்னு ஒரே அழுகை."

பால் ஆற்றுகிற சத்தம் நின்றது.

வந்து வந்து போகும் என்று டாக்டர் சொன்னது காதில் ஓடியது. கோகிலா என்னைத்தான் பார்க்கிறாள் என்று திரும்பாமலேயே தெரிந்தது. சட்டப்படி நடந்தேன். குரல் மட்டும் சட்டப்படி வரவில்லை.

"ஆனை இல்ல கண்ணு. இது ஆஸ்பத்திரி. நான் சென்னியப்பன் மாமா. இன்னைக்கு..."

"வெள்ளிக்கெழம. ஏழு தடவ சொல்லிட்டீங்க." மிட்டாயை வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "ஆனை எந்த வார்டுன்னு கேக்க மாட்டீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். முகம் கல். கண் கல். மூக்கு இரண்டு பக்கமும் விடைத்து நின்றது, என் குழாய் ஸ்பீக்கரின் வாய் மாதிரி.

அதற்கு மேலே நான் ஒன்று ஏற்றியிருக்கவேண்டும். எந்த வார்டு, எத்தனை ஊசி, தும்பிக்கையில் யார் குளுகோஸ் ஏற்றினார்கள் என்று என் பழைய சரக்கில் லாரி லாரியாக இருந்தது. வாயைத் திறந்தேன். நான்கு நாள் உண்மை பேசிப் பேசி எந்திரம் துருப்பிடித்துவிட்டது. சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் அது சிரிப்பா என்று சந்தேகப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"தோத்துட்டீங்க. இருநூத்திப் பதிமூணு" என்றாள் நடுவர். சனிக்கிழமை நான் எடுத்த புள்ளியும் செல்லாதாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்புறம் காகிதத்தை மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். கட்டெறும்பு ராஜா வந்தது புளுகு என்றால், அவள் பயந்தது நிஜமா என்று. அது நிஜம் என்றேன். நீங்களும் பயந்தீங்களா மாமா என்றாள். இந்த நோட்டில் எங்கும் எழுதாததை அவளிடம் சொன்னேன். ஆமாம் கண்ணு.

பிறகு ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் மாமா புளுகு விடுவதற்கு முன்னால் "மைக் டெஸ்டிங்" சொல்லவேண்டும். சொல்லாமல் பேசினால் அது உண்மை. அவளுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று கேட்டேன். நடுவருக்குக் கிடையாதாம். இல்லாவிட்டால் என்ன, அவளுடைய மைக் டெஸ்டிங் முகத்திலேயே இருக்கிறது. அது ராணுவ ரகசியமாகவே இருக்கட்டும்.

கோகிலா பாலை மகள் கையில் கொடுத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு தலைமாட்டில் கிடந்த பூனைக்குட்டி நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"எழுதுங்கண்ணா. மணியோட எழுதுங்க."

காலை 9.15. மூக்கு விடைத்தது.